எத்திக்ஸ் கமிட்டியும் ஒரு கட்டைவிரல் ரேகையும்

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியிடமிருந்து ஒருவழியாக அனுமதிக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. சிடிஆர்ஐ எண்ணும் (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டின் எண்) கிடைத்துவிட்டது. எம்.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி), எம்.பி.டி. (பிசியோதெரபி) முதுநிலைத் தீசிஸுக்கு நோயாளிகளை வைத்து ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு அலைச்சல் கொஞ்சம் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். நடுநடுவே புலம்பலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தலைப்பு மிரர் தெரபி: நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, விளங்காத கைதான் அசைகிறது என்று மூளையை நம்பவைக்கும் சிகிச்சை. நம் ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், வெட்டி எடுத்த கையில் வரும் வலிக்குக் கண்ணாடிப் பெட்டியை வைத்துச் செய்து காட்டினாரே, அதேதான். 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சிறிய ஆய்வு ஒன்றில் பக்கவாதம் வந்த 9 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். நான் செய்யப்போவது, பக்கவாத நோயாளியின் வீட்டிலேயே மனைவியோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து செய்யவைப்பது. ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடித்து ஆக்குபேஷனல் தெரபி பிரிவுக்கு வர எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது? தலைப்பு, கைடு, துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் சுலபமாக முடிந்தன.

சிக்கல் கமிட்டி அலுவலகத்தில் ஆரம்பித்தது. ஒப்புதல் படிவத்துக்கு அங்கே ஒரு ரெடிமேட் மாதிரி உண்டு. கடைசிப் பக்கத்தில் ‘கையொப்பம் அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று ஒரு கட்டம். என் ஆய்வுக்கு வருகிறவர்கள் யார்? பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்தவருக்குக் கையெழுத்து வராது, பலருக்குப் பேச்சும் சேர்ந்து போயிருக்கும். இடப்பக்கம் விழுந்து, எழுதப் படிக்கவும் தெரியாதவருக்கு நாம் கேட்கிற அந்த இடது கட்டைவிரலே உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக் கிடக்கும். இழுத்துப் பிரித்து மையில் தொட்டு ஒற்றினால் அது சம்மதமா? அதனால் ‘ஏதேனும் ஒரு கைப் பெருவிரல் ரேகை’ என்று மாற்றி, கீழே சாட்சிக்கும் ஒரு வரி சேர்த்துக் கொண்டுபோனேன்.

கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். “இது கமிட்டி ஃபார்மட்மா. நீங்க பாட்டுக்கு மாத்திட்டு வந்தா எப்படி?” விளக்கிச் சொன்னேன். “இத்தனை வருஷம் யாரும் கேக்கலையே” என்றார். மெம்பர் செக்ரட்டரியிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் லீவு. அன்று மாலையோடு சமர்ப்பிக்கும் தேதி முடிந்தது, கமிட்டி கூடுவதோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஃபைலை வாங்கிப் பதிவு போட்டிருந்தால்கூட உள்ளே விவாதமாவது நடந்திருக்கும். கோபம் இன்னும் ஆறவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எதை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, கைடு கையெழுத்தோடு மேலே வைத்துவிடுங்கள். ஃபைலோடு கடிதம் இருந்தால் திருப்பி அனுப்ப அவர்கள் யோசிப்பார்கள். அடுத்த முறை நான் அப்படித்தான் கொடுத்தேன், முத்திரை விழுந்தது.

அப்புறம் கூட்டமே தள்ளிப்போனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி கூட்டம் நடக்கக் குறைந்தது 5 உறுப்பினர்கள் வேண்டும், அவர்களில் ஒருவராவது நிறுவனத்தைச் சேராத வெளியாளாக இருக்கவேண்டும். அன்று டாக்டர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வக்கீல் கோர்ட்டில் மாட்டிக்கொண்டார், வெளியாட்கள் வேறு யாரும் வரவில்லை. விதி சரியான விதிதான், குறை சொல்லமாட்டேன். காலையிலேயே ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். இன்னொன்று: கூட்டம் நடக்கும் அறை இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. மாற்றுத்திறனாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் அறைக்கு வீல்சேரில் ஒருவரும் வரமுடியாது.

கூட்டம் நடந்த அன்று கேட்ட கேள்விகள் நியாயமானவை. “2018 காக்ரேன் தொகுப்பிலேயே 62 ஆய்வு இருக்கு, நீ எதுக்கு இன்னொண்ணு?” (காக்ரேன் என்பது ஒரு சிகிச்சை பற்றி வந்த ஆய்வுகளைத் திரட்டி அலசும் அமைப்பு.) வீட்டில், குடும்பத்தார் கையால் என்பதுதான் புதிது என்றேன், ஒத்துக்கொண்டார்கள். வீட்டில் செய்யவைக்கும் மனைவியும் ஆய்வில் ஒரு பங்கேற்பாளர்தான், அவருக்குத் தனிப் படிவம் எங்கே என்றார்கள். உண்மைதான், நாம் யோசிக்காமல் விடுகிற இடம் இது. கண்ணாடி உடைந்தால்? தொடுவுணர்ச்சி இல்லாத கையில் கீறினால் அவருக்கே தெரியாதே. சரி, அக்ரிலிக் என்று மாற்றினோம். (அக்ரிலிக் வாங்குகிறவர்கள் பிளைவுட் மேல் ஒட்டி வாங்குங்கள். வளைந்தால் பிம்பமும் கோணலாகிவிடும், கோணல் கையைப் பார்த்து மூளை எதை நம்பும்?)

ரேகை விஷயம் கடைசியில் வந்தது. ஃபார்மட்டை ஏன் மாற்றினீர்கள் என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள், பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு தலைமையாசிரியை அம்மா, “இடது கை விளங்காதவங்க எந்த விரலை வைப்பாங்க, டாக்டர்?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லா ஆய்வுகளுக்கும் மாதிரிப் படிவத்தையே மாற்றச் சொல்லி மினிட்ஸில் எழுதிவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

சாட்சியைப் பற்றிக் கொஞ்சம். சாட்சிக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும், ஆய்வோடு சம்பந்தம் இருக்கக்கூடாது. ஜூனியரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்காதீர்கள். வீட்டில் தெரபி செய்யவைப்பவரும் கூடாது. ஓ.பி.யில் வேறு நோயாளியோடு வந்து காத்திருப்பவர்களிடம் கேளுங்கள், முழுவதும் வாசித்துக் காட்டும்வரை உடன் இருக்கச் சொல்லுங்கள். பேச்சு வராதவருக்குப் படங்களும் ஆம், இல்லை அட்டையும் தயார் செய்துவிடுங்கள். அதையும் கமிட்டியில் காட்டி அனுமதி வாங்கவேண்டும், பிறகு சேர்த்தால் திருத்தம் என்று இன்னொரு ஃபைல்.

சிடிஆர்ஐ பதிவு இலவசம், ஆனால் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் முடித்திருக்கவேண்டும். கமிட்டிக் கடிதத்தில் உள்ள தலைப்பும் நீங்கள் அடிக்கும் தலைப்பும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். எனக்கு வந்த கேள்விகளில் ஒன்று, யார் எந்தக் குழு என்ற சீட்டை வைக்கும் உறை எப்படி மூடியிருக்கும், யார் பிரிப்பார் என்பது. இன்னொன்று, முதல் ஆளைச் சேர்க்கும் தேதி. கேள்வி பதில் நடப்பதற்குள் நான் போட்டிருந்த தேதி கடந்துபோய்விட்டது, மாற்றச் சொன்னார்கள். தேதியைத் தாராளமாகத் தள்ளியே போடுங்கள்.

திங்கள்கிழமை முதல் நோயாளி வருகிறார். திருத்திய ஒப்புதல் படிவம், குடும்பத்தாருக்கான தனிப் படிவம், ஆம், இல்லை அட்டை மூன்றும் தமிழில் இருக்கின்றன. வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.