பதிவேட்டில் இருந்த 48 பேர்

2025 டிசம்பர் 27, சனிக்கிழமையன்று, நாங்கள் படித்த அரசு கலைக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் எங்கள் பி.எஸ்சி. வகுப்பின் வெள்ளி விழாச் சந்திப்பு நடந்தது. 1997இல் சேர்ந்து 2000இல் பட்டம் பெற்றவர்கள் நாங்கள். ஏற்பாடு செய்த நால்வரில் நானும் ஒருத்தி. அடுத்த ஆண்டு வெள்ளி விழா காணவிருக்கும் வேறு வகுப்பினர் சிலர் எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், ஆறு மாத வேலையை இங்கே எழுதி வைக்கிறேன்.

2012இல் ஒருமுறை கூடியிருந்தோம். நகரத்து ஓட்டல் ஒன்றில் குளிரூட்டிய அரங்கு, தலைக்கு 3,000 ரூபாய். பதினொரு பேர் வந்தோம். படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்றே இருவர் குழுவை விட்டு விலகினார்கள். ஏனென்று எவரும் விசாரிக்கவில்லை. அவர்களில் ஒருவரை இந்த முறை நான் தொலைபேசியில் அழைத்தபோது, "மூவாயிரம் எனக்கு அப்ப ஒரு மாச வீட்டு வாடகைம்மா. அதை எப்படிக் குழுவுல சொல்றது?" என்றார். கேட்டபோது பதிமூன்று ஆண்டு தாமதமாக எனக்கு வெட்கம் வந்தது.

ஜூன் மாதம் முதன்முதலாகக் கூடிப் பேசியபோதும் மண்டபம், சாப்பாடு, டி-சர்ட் என்றே பேச்சு போனது. குழுவில் இருப்பது 21 பேர், வகுப்பில் படித்தது 48 பேர், மீதி 27 பேர் எங்கே என்று கேட்டவர், இப்போது காய்கறி மண்டி வைத்திருக்கும் நண்பர். அந்தக் கேள்விதான் எங்கள் சந்திப்பைத் தீர்மானித்தது. முதல்வரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேட்டைப் பார்த்தோம். பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் ஊரையும் அந்தப் பக்கத்தில் வசிக்கும் ஒருவரிடம் ஒப்படைத்தோம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் ஐந்தாவது அளவுகோலில் முன்னாள் மாணவர் பங்களிப்பும் இடம்பெறுவதால், இத்தகைய முயற்சிக்குக் கல்லூரிகள் இப்போது பெரும்பாலும் மகிழ்ச்சியுடன் ஒத்துழைக்கின்றன.

பெண்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது. திருமணத்துக்குப் பின் பெயருக்கு முன்னிருந்த எழுத்து மாறிவிடுகிறது, ஊரும் மாறிவிடுகிறது, ஃபேஸ்புக்கில் பழைய பெயரைத் தட்டினால் யாரும் வருவதில்லை. பிறந்த வீட்டைப் பிடிப்பது ஒன்றே வழி. எங்கள் மூன்றாம் ஆண்டில், கொடுத்த உப்பு எதுவென்று கண்டறியும் சால்ட் அனாலிசிஸ் செய்முறையில் எப்போதும் முதலில் முடித்துவிட்டு மற்றவர்களுக்குக் கண்ணால் விடை சொல்லும் தோழி ஒருத்தியை, அவளுடைய அண்ணனின் உரக்கடை வழியாகக் கண்டுபிடித்தோம். அரை மணி நேரம் அழுகையும் சிரிப்புமாகப் பேசியவள், நிகழ்ச்சிக்கு அழைத்ததும் அமைதியாகிவிட்டாள். "நான் இப்ப ஒண்ணும் பண்ணலையேடி. வந்து என்னன்னு சொல்லிக்கிறது?" என்றாள்.

அதன் பிறகு நிகழ்ச்சி நிரலையே மாற்றினோம். ஒவ்வொருவராக எழுந்து பதவியும் நிறுவனமும் சொல்லும் அறிமுகச் சுற்றை எடுத்துவிட்டோம். சட்டையில் குத்தும் அட்டையில் பெயரும் அன்றைய வகுப்பு எண்ணும் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். சிறப்பு விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை, மதியம் வரை ஒலிபெருக்கியும் இல்லை. கட்டணம் வைக்கவில்லை, தர முடிந்தவர்கள் தரலாம், தராமலும் வரலாம், யார் எவ்வளவு தந்தார் என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் இன்றுவரை எங்கள் மூவரிடம்கூடச் சொல்லவில்லை. செலவுக் கணக்கை மட்டும் ரசீதுகளுடன் குழுவில் வெளியிட்டோம். மிஞ்சிய தொகை ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் கருவிகள் வாங்கப் போனது. ஆண்டுதோறும் நிதி திரட்ட நினைப்பவர்கள், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கத்தைப் பதிவு செய்துவிட்டு அதன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குவது நல்லது. தனிநபர் கணக்கில் பணம் சேர்ந்தால் நட்பு கெடும்.

நாள் குறிப்பதில் ஆளுக்கொரு யோசனை இருந்தது. நாற்பத்தைந்து வயதை நெருங்குகிறவர்களின் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை தொடவே கூடாது. அரையாண்டு விடுமுறை தொடங்கியிருக்கும் டிசம்பர் கடைசி வாரம் வசதியானது. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் சமையல்காரரும் தங்கும் அறையும் எளிதில் கிடைப்பார்கள் என்பதும், வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் ஊருக்கு வருகிறார்கள் என்பதும் கூடுதல் காரணங்கள். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த நண்பர்களை நினைத்து இலைச் சாப்பாட்டை முழுக்கச் சைவமாக வைத்தோம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், அக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே அனைவருக்கும் நினைவூட்டினோம். பேருந்தில் திரும்பும் பெண்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று மாலை நான்கு மணிக்கே முடித்தோம். இந்த ஒன்றை உறுதியாகச் சொன்னதால் மட்டும் ஆறு பேர் கூடுதலாக வந்தார்கள் என்பது என் கணிப்பு.

பேராசிரியர்களைத் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் சென்று அழைத்தோம். கிப்ஸ் கருவியில் ஹைட்ரஜன் சல்பைடு தயாரித்துத் தந்து, அந்த அழுகிய முட்டை நாற்றத்தை எங்களுக்காகவே மூன்று ஆண்டு சுவாசித்த ஆய்வக உதவியாளரையும் அதே முறையில் அழைத்தோம். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும், அன்று உள்ளே வந்ததும் அவர் செய்த முதல் காரியம், மேசையோரம் இருந்த வாயுக் குழாய் சரியாக மூடப்பட்டிருக்கிறதா என்று திருகிப் பார்த்ததுதான்.

நாற்பத்தெட்டுப் பேரில் மூவர் காலமாகிவிட்டார்கள் என்பது தேடும்போதுதான் தெரிந்தது. அவர்களுடைய குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டு, அழைப்பிதழிலும் வகுப்புப் பட்டியலிலும் அவர்கள் பெயரை அதே எண்ணில் வைத்திருந்தோம். ஒருவருடைய மகன் வந்திருந்தான். "அப்பா எந்த இடத்துல நின்னு பிராக்டிகல் பண்ணுவாங்க?" என்று கேட்டான். ஜன்னலுக்கு அருகே, அமிலம் பட்டுக் கறுத்த அந்த மேசையைக் காட்டினோம். சாப்பிடக் கூப்பிடும்வரை அங்கேயே நின்றிருந்தான்.

உயிரோடு இருப்பதாக உறுதியான 42 பேரில் 34 பேர் வந்தார்கள். உரக்கடைக்காரரின் தங்கையும் வந்தாள். இன்னும் மூன்று பெயர்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்றின் எதிரே பதிவேட்டில் எழுதியிருக்கும் கிராமத்துக்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கார நண்பரும் நானும் போகிறோம்.