பிள்ளை பார்க்கும் வேலையில் கிடைப்பவை

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சம்பளம் போக என்ன கிடைக்கிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மதியச் சாப்பாடும் ஞாயிறு விடுமுறையும் உண்டு. ஆனால் நான் சொல்ல நினைப்பது வேறு.

2017 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி தனியார் நிறுவனத்தில் பணியாற்றும் தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. அது முடிந்து அவர் அலுவலகம் திரும்பும் நேரமும், குழந்தைக்குத் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கும் ஆறாம் மாதமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. ஆகவே முதல் கேழ்வரகுக் கூழை ஊட்டியதும், அவள் அதைத் துப்பி என் சேலையில் பூசியதும், கீழ் ஈறில் அரிசி முனை போல முதல் பல் எட்டிப் பார்த்ததைக் கண்டதும் நான்தான். (பல்லை அவளுடைய அம்மாவே கண்டுபிடிக்கட்டும் என்று அன்று மாலை வாயைத் திறக்கவில்லை.)

கோடையில் ஏற்காட்டுக்கு என்னையும் அழைத்துச் செல்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் துண்டை விரித்து அவளைப் பிடித்துக்கொண்டிருப்பது வேலைதான். மேலே சென்றதும், காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தைச் சுற்றியிருந்த மிளகுக் கொடியைத் தொட்டு, “அத்தை, இலை” என்றாள். “அம்மா”வுக்கு அடுத்து அவள் தெளிவாகச் சொன்ன சொல் “அத்தை”தான்.