52,000 ரூபாய்க்கு ஒரு மாருதி 800

அம்மாவுக்கு முழங்கால் போனதிலிருந்து பைக்கில் பின்னால் உட்கார முடிவதில்லை. மாதம் இரண்டு முறை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குப் பேரம் பேசி அலுத்துப்போய், கார் வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தபோது கையில் இருந்தது எண்பதாயிரம். அதற்குள் வண்டியும் வாங்க வேண்டும், ரிப்பேரும் பார்க்க வேண்டும், பேப்பரும் மாற்ற வேண்டும்.

மாருதி 800 என்று முடிவானதற்குச் சின்ன வயது ஆசை எல்லாம் காரணமில்லை, இஞ்ச் டேப்தான் காரணம். சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் சந்து ஓர் இடத்தில், இ.பி. பெட்டிக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் நடுவே, சரியாக ஐந்தரை அடி. ஒரு மீன்பாடி வண்டி நின்றால் அன்றைக்குப் போக்குவரத்து அவ்வளவுதான். 800-இன் அகலம் 1.44 மீட்டர், நாலே முக்கால் அடி. கண்ணாடியை மடக்கினால் நுழைந்துவிடும். இப்போது வரும் வேகன் ஆர் 1.62 மீட்டர். அதை அந்தச் சந்தில் விட ஓட்டத் தெரிந்தால் போதாது, சர்க்கஸும் தெரிய வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் ஆபீஸில் ஆளுக்கு ஆள் பயமுறுத்தினார்கள். "பதினஞ்சு வருஷம் ஆன வண்டியை ரோட்ல எடுத்தா பிடிச்சிடுவாங்களாமே?" அது டெல்லியிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் உள்ள தடை. பெட்ரோல் வண்டிக்கு 15, டீசலுக்கு 10 வருஷம் என்பதெல்லாம் அங்கேதான். நம் ஊரில் 15 வருஷம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, ஆர்சியை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டு போகலாம்.

பெரம்பூரில் முதலில் பார்த்த வண்டியில் கிட்டத்தட்ட விழுந்துவிட்டேன். 1996 மாடல், கார்ப்பரேட்டர், சீட்டில் அந்தக் காலத்துத் துணி அப்படியே இருந்தது. முப்பத்தைந்தாயிரம் சொன்னார்கள். இரண்டு நாள் தூக்கமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து மாட்டி அழகு பார்க்கலாம் என்று மனசுக்குள் ஒரு ஷெட்டே போட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: காலை ஏழு மணிக்கு அம்மாவுக்கு ஓ.பி. சீட்டு போட வேண்டிய நாளில் இது சோக்கை இழுத்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால்? பொழுதுபோக்குக்கு வாங்கும் வண்டி வேறு, தினமும் எடுக்கிற வண்டி வேறு. ஒரே வண்டியை இரண்டுக்கும் வைத்துக்கொள்ள எனக்கு இடமும் இல்லை, பொறுமையும் இல்லை. 2000-இல் 800-க்கு, கார்ப்பரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியால் 2010 ஏப்ரலோடு சென்னையில் புது 800 விற்பது நின்றது. ஆக, நடுவில் உள்ள அந்தப் பத்து வருஷ வண்டிகளில்தான் தேட வேண்டும்.

அது 2024 ஜனவரி. மிக்ஜாம் புயல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. விலை குறைவாக இருந்த வண்டி ஒவ்வொன்றையும் வெள்ளத்தில் மூழ்கியதோ என்ற சந்தேகத்தோடுதான் பார்த்தேன். எர்ணாவூரில் ஒரு வண்டி உள்ளே ஷாம்பு வாசம் அடித்தது. சீட்டை முன்னால் தள்ளி, அது ஓடும் கம்பிக்கு அடியில் விரலை விட்டேன். கறுப்பாகப் பிசுக்கு ஒட்டிக்கொண்டது. எண்ணூர் பக்கம் அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது எல்லோருக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பொதுவாக எல்லோரும் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னது நேர்மாறு. "இன்ஜினை விடு தம்பி, 796 சிசி, மூணு சிலிண்டர், புதுப்பேட்டையில சாமான் கிடைக்கும், ஜி.பி. ரோட்ல புதுசாவே கிடைக்கும். கடல் காத்துல தகரம் போச்சுன்னா எங்க போயி வாங்குவ?" ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த திருப்பதி காந்தத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, சக்கரத்துக்கு மேல் வளைவு, டிரைவர் கால் வைக்கும் தரை, பானெட்டுக்குள் முன் ஷாக் உட்காரும் இடம் என்று ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன். தகரம் இருந்தால் டக்கென்று பிடிக்கும். பட்டி பூசி மூடியிருந்தால் பெருமாள் சறுக்கிக் கீழே விழுவார். காசிமேட்டில் பளபளவென்று நின்ற ஒரு சிவப்பு வண்டியில் அவர் நாலு இடத்தில் விழுந்தார்.

ஐந்தாவதாக ராயபுரத்தில் பார்த்தது அமைந்தது. 2004 மாடல், ஏசி உண்டு, ரிட்டயர்டு சார் ஒருவர் ஒரே கையில் வைத்திருந்தது. பெயிண்ட் மங்கல். இடது பக்கப் பட்டையில் மட்டும் ஓரடிக்குத் துரு, மற்ற இடமெல்லாம் காந்தம் பிடித்தது. 52,000-க்கு முடித்தோம். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சோப்பு டப்பா மாதிரி இருக்கு, ஏற எறங்க சௌரியம்தான்" என்றார்.

பேப்பர் கதை தனி. ஆர்சியில் எச்பி, அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு, இருந்தது. சார் கடனைக் கட்டி முடித்துப் பல வருஷம் ஆகியும் அதை நீக்கவே இல்லை. கடன் கொடுத்த நிறுவனம் இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது, அவரிடம் இருந்த என்ஓசியை, கடன் தீர்ந்தது என்ற சான்றை, கரையான் தின்றுவிட்டது. நானும் சாரும் மூன்று தடவை ஏறி இறங்கி, பழைய கடன் எண்ணைத் தேடிக் கொடுத்து, புது என்ஓசியும், எச்பியை நீக்கக் கையெழுத்துப் போட்ட படிவம் 35-உம் வாங்க ஐந்து வாரம் ஆனது. இதில் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தேன்: எச்பி நீங்கும் வரை பாதிப் பணம்தான். சாருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் முழுப் பணமும் கைக்குப் போயிருந்தால் மூன்றாவது தடவை அவர் கூட வந்திருப்பாரா என்பது சந்தேகம். பெயர் மாற்றப் படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்குவது, அரசின் வாகன் இணையதளத்தில் அவர் செல்போன் நம்பரைச் சேர்ப்பது, ஓடிபி எல்லாம் அதற்கப்புறம் மளமளவென்று நடந்தது. இன்ஷூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டேன். 1000 சிசிக்குக் கீழ் உள்ள காருக்கு அப்போது வருஷம் 2,094, வரி தனி.

ஏற்கெனவே ஒரு தடவை புதுப்பித்த ஆர்சி அந்த ஆகஸ்டில் முடிய இருந்தது. கெடுவுக்கு முந்தைய அறுபது நாளுக்குள்தான் புதுப்பிக்கும் படிவம் 25 போட முடியும். அப்போது கட்டணம் 5,000, பசுமை வரி வேறு. பிரேக், லைட், ஹாரன், பொல்யூஷன் எல்லாம் சரிபார்த்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீஸுக்குப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, செல்போன் லைட்டை அடித்து, சேஸிஸ் நம்பர் மேல் கட்டை விரலை ஓட்டினார். "இது எட்டா, மூணா?" என்றார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு இரண்டாகவும் தெரிந்தது. பல வருஷமாகப் பிரேக் ஆயில் கசிந்து அந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து, துரு பொருக்குப் பொருக்காக ஏறியிருந்தது. படிவத்தில் ஒட்டியிருந்த பென்சில் பிரிண்டிலும் அந்த எழுத்து வெறும் கறுப்புத் திட்டு. "சுத்தம் பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், எட்டை மூணாக எழுதி வைத்தால் என் தலைக்குத்தான் வரும்.

வீட்டுக்கு வந்து கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்தவனை மெக்கானிக் அண்ணன் போனிலேயே தடுத்தார். தேய்க்கிற தேய்ப்பில் ஒரு எழுத்து போனாலும் நம்பரை அழித்த வண்டி என்று ஆகிவிடும், அப்புறம் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியதுதான். அவர் சொன்னபடி மண்ணெண்ணெய் நனைத்த துணியை ராத்திரி முழுக்க அதன் மேல் மடித்து வைத்தேன். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாக, எழுத்தின் பள்ளத்தோடு ஓட்டினேன். மறுபடி துணி, மறுபடி பிரஷ். மூன்று நாள். கடைசியில் நன்றாக உலரவிட்டு, அம்மாவின் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை கோலமாவு எடுத்துத் தடவி, மேலே மட்டும் விரலால் துடைத்தேன். பள்ளத்தில் மாவு நின்றுகொண்டது. துருப்பிடித்த தகரத்தில் வெள்ளை வெளேரென்று வரிசையாக எழுத்துகள், நடுவில் கச்சிதமாக ஒரு எட்டு. பிரஷ்ஷில் மாவைத் தட்டிவிட்டு, செல்லோ டேப்பை ஒட்டிப் பென்சிலால் தேய்த்துப் புது பிரிண்ட் எடுத்தேன். மேலே மெல்லிசாக கிரீஸ் தடவிவிட்டேன், இன்றைக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தடவுகிறேன். அடுத்த வாரம் அதே இன்ஸ்பெக்டர் ஒரே பார்வையில் கையெழுத்துப் போட்டார்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன், கசிவு அங்கிருந்துதான். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று சாருக்கே தெரியாததால் அதையும் மாற்றினேன். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துவிடும் என்று பெட்ரோல் ஓஸ்களும் புதுசு. நாலு டயர், பட்டையில் வெட்டி ஒட்டிய வெல்டிங் எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் பட்ஜெட் ஒரு லட்சத்து நாலாயிரத்தில் போய் நின்றது.

இப்போது தினமும் மணலிக்கு அதில்தான் வேலைக்குப் போகிறேன். ஊருக்குள் லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கிறது. மொத்தமே 37 குதிரைத் திறன், மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது ஏசியை அணைத்துவிட வேண்டும். ஏர்பேக் கிடையாது, எடை சுமார் 650 கிலோ. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் இதை ராத்திரி எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

ஆர்சி 2029 வரைக்கும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பத்தாயிரமாக ஆக்கிவிட்டார்கள், அடுத்த தடவை அதைத்தான் கட்ட வேண்டும். இடது பட்டையில் வெல்டிங் வைத்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால் பெயிண்ட் லேசாகக் கொப்புளித்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை காந்தத்தை வைத்துப் பார்த்தேன். பிடித்தது, ஆனால் டக்கென்று இல்லை.