20–12இல் இருந்து தோற்பது எப்படி

நடுவில் மேடான புல்தரையில், ஜாக் என்ற சிறு பந்துக்கு நெருக்கமாகத் தன் பந்துகளை உருட்டிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் கிரவுன் கிரீன் பௌல்ஸ். அதில் 20–12 என்ற ஸ்கோரைப் பார்த்துவிட்டு யாருக்கும் முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். இலக்கு 21. இன்னும் ஒரே ஒரு புள்ளிதான் வேண்டும். அந்த ஒன்றுக்காக வியர்த்து விறுவிறுத்துவிட்டு, கடைசியில் எதிராளிக்குக் கைகொடுத்துவிட்டு பப்புக்குள் நுழைந்தவர்கள் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஏராளம். 1907இல் தொடங்கிய பிளாக்பூல் வாட்டர்லூ போட்டி நாக்-அவுட். ஓர் ஆட்டம் நழுவினாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதைப் பிரையன் டங்கன் ஐந்து முறை வென்றார் என்றால் அந்த மனிதரின் நரம்புகளை என்னவென்பது!

பழி புல்தரை மேல்தான். நடுப்பகுதி ஓரங்களைவிட ஒரு சாண் அளவு உயர்ந்திருக்கும். பந்தும் ஒரு பக்கம் வளைந்தோடும். போதாக்குறைக்கு இலக்கான ஜாக்கும் வளையும். சரிவும் வளைவும் எதிரெதிராக இழுத்தால் பந்து கிட்டத்தட்ட நேராகப் போகும். இதை ஸ்ட்ரெயிட் பெக் என்பார்கள். இரண்டும் ஒரே பக்கம் இழுத்தால் ரவுண்ட் பெக், பெரிய வில் போட்டு வரும். எந்தப் பக்கம் வளையும் என்று தடவிப் பார்க்காமல் விட்ட பந்து அழகாகப் பள்ளத்தில் போய் விழும். கூட்டம் கை தட்டும், கேலியாக.

20இல் இருப்பவர் கோட்டை விடுவது எங்கே என்றால், ஒரு சுற்றை வென்றவருக்கே அடுத்த ஜாக்கை உருட்டும் உரிமை. ஆளுக்கு இரண்டு பந்து. ஒரு சுற்றில் அதிகபட்சம் 2 புள்ளி. அப்படியானால் 12இல் இருப்பவருக்கு 9 புள்ளி, ஐந்தே சுற்று. ஒரு சுற்று கிடைத்ததும் அவர் தனக்குப் பழகிய மூலைக்கு, மேட்டைத் தாண்டி ஜாக்கை அனுப்பிவிடுவார். அடுத்த சுற்றிலும் அதே மூலைப் பக்கம். அந்தத் தடம் பிடிபடாதவர் 20இலேயே குந்தியிருக்க வேண்டியதுதான். அதற்கும் முன்பே, 20ஐத் தொட்ட கையோடு உரிமை தன்னிடம் இருக்கும்போதே பதறி ஜாக்கை 19 மீட்டருக்குள் குட்டையாக விட்டால், அதை உருட்டும் வாய்ப்பும் எதிராளிக்குப் போய்விடும்.

காலைப் பனியில் கனத்த தரை மதிய வெயிலில் வழுக்கும். முந்தைய சுற்றின் வேகத்தை நம்புகிறவர் ஜாக்கைத் தாண்டிப் போவார்.

எல்லாம் போச்சு என்றால் கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு: ஸ்ட்ரைக். பலமாக விட்டு ஜாக்கையே தரைக்கு வெளியே தள்ளினால் அந்தச் சுற்று செல்லாது, யாருக்கும் புள்ளி இல்லை. தவறினால் எதிராளியின் பந்தை அவரே செய்ய முடியாத அளவுக்கு ஜாக்குக்கு நெருக்கமாகத் தள்ளிவைத்துக் கொடுத்திருப்பீர்கள்.