ஆஸ்பரகஸ் வந்தாச்சு

ஜெர்மனியில் எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பச்சை ஆஸ்பரகஸ், அதாவது காய்போலச் சமைக்கும் இளந்தண்டு, வந்துவிட்டது. ஜூன் 24 வரைதான் இங்கே அறுவடை. அடுத்த வருடத்துக்குச் செடி தேற வேண்டுமே! பார்த்ததும் ஒரு கட்டு வாங்கிவிட்டேன். கூடவே தோலோடு இளம் பட்டாணி, வெங்காயத்தாள். எல்லாம் ஓவனில் சுடும் பாஸ்தாவுக்கு. (நம்ம ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கும் இந்த ஆஸ்பரகஸும் ஒரே பேரினம்.)

பட்டாணியை வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். நாளைக்கு வைத்தால் அந்த இனிப்பு இருக்காது.

250 கிராம் பென்னே (குட்டிக் குழாய் வடிவ) பாஸ்தா. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிட்டேன், மீதி ஓவனில் வேகும். காய்களைக் கடைசி ஒரு நிமிடம் அதே கொதிநீரில் போட்டால் போதும், பச்சை நிறம் அப்படியே நிற்கும்.

வெள்ளை சாஸுக்குத்தான் பொறுமை வேண்டும். 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கைவிடாமல் கிண்டினேன். அப்புறம் துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம். சாஸ் தளர்வாகவே இருக்கட்டும், பாஸ்தா இழுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் கலந்து, மேலே பார்மசான் சீஸ் தூவி, 200 டிகிரியில் 20 நிமிடம். ஓரம் முறுகியதும் வெளியே எடுத்து 10 நிமிடம் அப்படியே விட்டேன். மகள் அந்த முறுகல் ஓரத்தைத்தான் முதலில் கேட்டாள். நாலு மூலையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன்.