கிரும்பிகல் ரோடு
பெங்களூர்ல தம்பி வீட்டுக்குப் போயிருந்தப்ப லால்பாக் பூங்கா பக்கம் கிரும்பிகல் ரோடுன்னு போர்டு பாத்தனுங்க, யாருடா இதுன்னு தேடுனா ஜெர்மன்காரராம், 1865ல பொறந்து லண்டன் கியூ தோட்டத்துல வேலை பாத்து 1893ல பரோடா வந்து, அப்பறம் மைசூர் மகாராஜா கூப்பிட்டு லால்பாக்கைப் பாத்துக்கிட்டு 1956ல பெங்களூர்லயே செத்துருக்காரு. இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரர்னு புடிச்சு வேற வெச்சிருக்காங்க, கொடுமை.

ஆனா மனுசன் வேலை இருக்கே! ஒரு மரம் பூ கொட்டி முடிக்கறப்ப அடுத்தது பூக்கற மாதிரி, வருசம் பூராவும் ஊருக்குள்ள எங்கியாச்சும் பூ இருக்கோணும்னு ப்ளான் பண்ணி நட்டிருக்காரு. காங்கயத்துல நம்ம தோட்டத்துச் சாளை வீட்டுக்கு முன்னால நானும் சரக்கொன்னையும் மயில்கொன்னையும் வெச்சேன், ரெண்டும் சித்திரைலயே ஒண்ணாப் பூத்துத் தொலையுது, தாழ்ந்த கொப்பெல்லாம் வெள்ளாடு மொட்டையடிச்சிருச்சு. "நாலு முருங்கை வெச்சிருந்தா கொழம்புக்காச்சும் ஆயிருக்கும்"ங்கறாங்க அம்மா.