காவடி மாதத்தில் தேர்வுக்குப் படிப்பது

ஏ.சி.சி.ஏ. கணக்காளர் தேர்வு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை நடைபெறுகிறது. மொரீசியசில் இருந்துகொண்டு மார்ச் மாதத் தேர்வுக்குப் படிப்பதுதான் அவற்றுள் மிகக் கடினம். டிசம்பர் 31 அன்று கணக்கு முடித்த நிறுவனங்களின் தணிக்கை வேலை, எபேனில் உள்ள எங்கள் அலுவலகத்தில் இருட்டும்வரை எங்களை உட்கார வைத்துவிடும். தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, மக்கள் கிராங் பாசேன் புனித ஏரிக்கு நடந்தே செல்லும் மகா சிவராத்திரி என்று விழாக்களும் அடுத்தடுத்து வரும். நவம்பரில் தொடங்கும் புயல் பருவம் ஏப்ரல் வரை ஓயாது. இத்தனைக்கும் நடுவில் மாலையில் புத்தகத்தைத் திறந்தால், குடும்ப வாட்ஸ்அப் குழு தன் பங்குக்கு ஒலிக்கத் தொடங்கும்.

மன உறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று இத்தகைய நேரத்தில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இந்தத் தேர்வின் பதின்மூன்று தாள்களில் சிலவற்றை முடித்துவிட்டு மற்றவற்றைக் கைவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அதே நண்பர்கள் ஆண்டுதோறும் காவடி விரதத்தைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். ஆகவே உறுதி அவர்களிடம் இருக்கத்தான் செய்கிறது. விரதத்துக்குக் கிடைக்கும் ஏற்பாடு படிப்புக்குக் கிடைப்பதில்லை என்பதே என் எண்ணம்.

அந்த ஏற்பாட்டைச் சற்று உற்றுப் பார்க்கலாம். கோர் தெ கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலில் கொடியேறுவதற்கு முந்திய நாளே, என் பெரியம்மா குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் மீனையும் இறைச்சியையும் எடுத்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுவார். பிறகு அடுக்களைத் தட்டுகளை மஞ்சள் நீரில் கழுவி, விரதச் சமையலுக்கென்று வைத்திருக்கும் பாத்திரங்களை மேல்தட்டிலிருந்து இறக்குவார். எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும், எதை உண்ணலாம், எதைத் தொடக்கூடாது, எந்த நேரத்தில் வழிபாடு என்பதெல்லாம் வீட்டில் உள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். விரதம் இருப்பவர் சபலத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதே இல்லை, ஏனெனில் சபலத்துக்கு உரிய பொருள் வீட்டைவிட்டு ஏற்கெனவே போய்விட்டது. "இந்த மாதம் நன்றாகப் படிக்க வேண்டும்" என்ற தீர்மானத்துக்கோ நாளும் இல்லை, இடமும் இல்லை, அதை அறிந்த ஆளும் இல்லை.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலமாக ஆராய்ந்துவருவது இதைத்தான். அவரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளை எப்படிக் கழித்தோம் என்று எழுதி 48 மணி நேரத்துக்குள் அனுப்புமாறு மாணவர்களைக் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்பதை ஒரு சாரார் முன்கூட்டியே குறித்துக் கொடுத்தனர். அவர்களுள் உரிய காலத்தில் அனுப்பியவர்களின் விகிதம், அப்படிக் குறிக்காதவர்களைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. பண்டிகை வேளையில், உறவினர் சூழ இருக்கும்போது, கவனம் சிதற எல்லா வாய்ப்பும் உள்ள நிலையில் இது நடந்தது என்பதால்தான் இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கைப்பேசியைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. அது மேசைமேல் சும்மா கிடந்தாலே சிந்தனைத் திறன் குறைகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் நடந்த சோதனைகள் அனைத்தும் அதே முடிவைத் தரவில்லை. எப்படியிருந்தாலும், படிக்கும் நேரத்தில் என் கைப்பேசி பெரியம்மாவின் அறையில் இருக்கும். அவசர அழைப்பு வந்தால் அவர் என்னைக் கூப்பிடுவார்.

ஆனால் உறவினர் வருகையையும் விழா வேலையையும் கைப்பேசியோடு சேர்த்து "கவனச்சிதறல்" என்று ஒரே மூட்டையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காவடிக்கு மூங்கிலை வளைத்துப் பூக்கட்டக் கூப்பிடும் சித்தப்பாவின் குரல் இடையூறு ஆகாது. அதற்கும் என் வாழ்வில் இடம் உண்டு. அரைகுறையாகப் படித்துவிட்டு அங்கே போய், அங்கும் அரை மனதோடு நிற்பதே எனக்குத் துன்பம் தருகிறது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் ஆய்வு செய்து எழுதினார். அதனால் எழுந்து போவதற்கு முன், எந்தக் கணக்கில் நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் எந்தப் பதிவைப் போட வேண்டும் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறேன். அதன்பின் பூக்கட்டும்போது பூவைப் பற்றி மட்டுமே நினைக்க முடிகிறது.

இந்த ஆண்டுக்கான படிப்புத் திட்டத்தை எழுதிய தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தணிக்கையில் இரவாகிவிடும் நாளில் ரோஸ்ஹில்லில் மெட்ரோ ரயில் மாறும் இடைவெளியில் சூத்திரங்களை மட்டும் படிப்பது, விரத நாட்களில் காலை வழிபாடு முடிந்ததும் அதே கூடத்தில் ஒரு மணி நேரம் உட்காருவது என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டால் அலுவலகம் மூடப்படும், மின்சாரமும் போகக்கூடும். ஆகவே அந்த நாளுக்கென்று பழைய வினாக்களை இப்போதே அச்சிட்டு, பெரியம்மாவின் மெழுகுவத்திப் பெட்டியோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.